ஈரத் தலைக்கு ஒரு அடி

லண்டனில் என்மேல் முதன்முதல் கை வைத்த ஆள் ஒரு கொரியன் அன்ரி. இதைச் சொன்னதும் எல்லோரும் முதலில் சிரிப்பார்கள். பிறகு நான் சிரிக்கவில்லை என்று கண்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். உண்மையாகவே அடித்தார். உள்ளங்கையை விரித்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கிற மாதிரி அடித்தார்.

நான் படிக்க வந்த பல்கலைக்கழகம் லண்டனின் தென்மேற்கு மூலையில் இருந்தது. என் சின்னம்மாவின் வீடோ கிழக்கே, செவன் கிங்ஸில். போய்வரவே பாதி நாள் போய்விடும். அதனால் பல்கலைக்கழகத்தில் கேட்டு, நியூ மால்டனில் ஒரு கொரியன் தம்பதியின் வீட்டில் அறை எடுத்தேன். ஈஸ்ட் ஹாமில் எங்கள் ஆட்களின் கடைகள் இருப்பதுபோல் நியூ மால்டனில் அவர்களுடைய கடைகள். சின்னம்மாவுக்கு இது துண்டறப் பிடிக்கவில்லை.

"உனக்குத் தமிழ் வீடு ஒண்டும் கிடைக்கேல்லையோ? அவையளோட என்ன பாஷையில கதைக்கப் போறாய்?"

"இங்கிலீசிலதான் சின்னம்மா."

"அவைக்கு இங்கிலீஸ் தெரியுமோ?"

"லண்டனிலதானே இருக்கினம்."

சொன்ன வாய்க்கு நல்ல பாடம் கிடைத்தது. அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் ஆங்கிலம் என்றால் 'ஓகே', 'நோ', 'தாங்க்யூ' மட்டும்தான். அங்கிள் ஒரு கொரியன் பலசரக்குக் கடையில் வேலை செய்தார். அன்ரி கொரியன் தேவாலயத்துக்குப் போனார், கொரியன் சலூனில் தலைமயிர் வெட்டிக்கொண்டார், கொரியன் டொக்டரிடம் பல் காட்டினார். இதை நான் முதலே ஊகித்திருக்க வேண்டும். என் சின்னம்மாவும்தான் லண்டனுக்கு வந்த நாளிலிருந்து தமிழிலேயே நகை வாங்கி, தமிழிலேயே சண்டை பிடித்து, தமிழிலேயே கார் இன்சூரன்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"அவர்களும் அம்மா, அப்பா என்றுதானே சொல்வார்கள்?" என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. ஓம், ஏறத்தாழ அப்படித்தான் சொல்வார்கள். அந்த இரண்டு சொல்லையும் வைத்துக்கொண்டு, குளியலறையில் தண்ணீர் அடைத்துவிட்டது என்று யாராவது எனக்குச் சொல்லிக் காட்டட்டும் பார்ப்போம்.

அன்ரியின் பெயர் கடைசிவரை எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வரும் கடிதங்களில் எல்லாம் அங்கிளின் பெயர்தான் இருந்தது. நான் அவரை அன்ரி என்றேன், அவரும் திரும்பிப் பார்த்தார். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கூப்பிட வேண்டிய இடத்தில் அடித்தார்.

வந்த புதிதில் அப்படியில்லை. முதல் கிழமை முழுக்க என்னைக் கண்டால் இடுப்பை மடித்துக் குனிந்து வணங்கினார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. என் அம்மாவின் வயதிருக்கும் மனிசி, அவரைவிடக் கீழே குனிய வேண்டுமே என்று நானும் குனிவேன், அவர் இன்னும் குனிவார். தபால்காரருக்கும் அதே வணக்கம். காஸ் மீட்டர் பார்க்க வந்தவருக்கும் அதே வணக்கம். எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் கொடுப்பார். இப்படி ஒரு மரியாதைக்காரியா என்று வியந்து, அம்மாவுக்குப் போன் பண்ணிப் பெருமையாகச் சொன்னேன்.

அடுத்த கிழமை அது நடந்தது. நல்ல பனி. காலையில் தலை தோய்ந்துவிட்டு, வகுப்புக்கு நேரம் போய்விட்டது என்று ஈரத் தலையோடு படியிறங்கி, வாசலில் குனிந்து சப்பாத்துப் போட்டேன். முதுகில் ஓர் அடி விழுந்தது. சப்பாத்துக் கயிறு கையிலிருந்து நழுவியது. திரும்பினால் அன்ரி நிற்கிறார். என் தலையைக் காட்டுகிறார், கதவுக்கு வெளியே இருக்கும் பனியைக் காட்டுகிறார், மூச்சு விடாமல் ஏதோ சொல்கிறார். பிறகு என் கையைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு போய், தன் ஹெயார் ட்ரையரைக் கையில் திணித்துவிட்டு, நான் அதைப் போடுகிறேனா என்று கதவருகே நின்று பார்த்தார்.

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. ஊரில் அடி வாங்காமல் வளர்ந்தவள் இல்லை நான். ஆனால் பெரிய பிள்ளையான பிறகு என் உடம்பில் ஒருவரும் கை வைத்ததில்லை. கட்டிப்பிடித்ததும் இல்லை. விமான நிலையத்தில் என்னை வழியனுப்பிய அப்பா, என் பையின் பட்டியைச் சரிசெய்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். எங்கள் வீட்டில் அன்பு அவ்வளவுதான் கிட்ட வரும். அப்படியிருக்க, இவர் யார் என்னை அடிக்க?

சின்னம்மா போனில் கொதித்தார். "அடிச்சவவோ? உன்னையோ? பிள்ளை, இது லண்டன். பொலிசுக்குப் போன் பண்ணு."

"ஈரத் தலையோட வெளிக்கிட்டனான், அதுக்குத்தான் சின்னம்மா."

"ஈரத் தலையோடயோ வெளிக்கிட்டனீ? இந்தக் குளிருக்கையோ?" என்றார். அதற்குப் பிறகு அவர் பொலிசைப் பற்றிப் பேசவில்லை.

போனில் இருக்கும் மொழிபெயர்ப்பைக் காட்டிப் பேசலாம் என்று ஒருநாள் முயன்றேன். அது பேசப் பேச, அன்ரி அதை யாரோ வேண்டாத விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு போனை வாங்கி மேசையில் குப்புற வைத்துவிட்டு, என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டார்.

அவர்களுடைய மகனுக்கு வேறு ஊரில் வேலை. நல்ல ஆங்கிலம் பேசுவான். வீடியோவில் வந்தபோது அவனிடம் மெல்ல விசாரித்தேன். "உங்கள் அம்மா என்னை அடிக்கிறார், நான் ஏதாவது பிழையாக நடக்கிறேனா?" அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"முதுகிலா? எனக்கும் அதேதான், இந்த வயதிலும். வெளி ஆட்களை அவர் தொடவே மாட்டார், குனிந்து வணங்குவதோடு சரி. உங்களை எத்தனை நாளில் அடிக்கத் தொடங்கினார்?"

"இரண்டாவது கிழமை."

"கெதியாகத்தான் பாஸாகிவிட்டீர்கள்" என்றான்.

அதன் பிறகுதான் அந்தக் கையைக் கவனிக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு எடை இருந்தது. காலைச் சாப்பாட்டைத் தவிர்த்தால் விழுவது விரல் நுனியால் ஒரு தட்டு. சொல்லாமல் பிந்தி வந்தால் முழு உள்ளங்கை. வெறும் காலோடு குளிர் தரையில் நடந்தால் அடியோடு ஒரு முணுமுணுப்பும் இலவசம். மாறி மாறி விழும் அடியை வைத்து, திரும்பிப் பார்க்காமலே நான் செய்த குற்றம் என்னவென்று சொல்லிவிடுவேன்.

ஒரு பாடத்தில் தவறிவிட்டேன் என்று தெரிந்த அன்று படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அன்ரி சமையலறையிலிருந்து வந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை, கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. என் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் ஓர் அடி போட்டார். அழுகிற பிள்ளையை அடிக்கிற மனிசியை நான் எங்கும் கண்டதில்லை. திடுக்கிட்டதில் அழுகையே நின்றுவிட்டது. ஆனால் அந்த முறை அடித்த கை திரும்பிப் போகவில்லை. அங்கேயே இருந்தது. நான் மூச்சு விடும்போதெல்லாம் மேலும் கீழும் போய்வந்தது. அதற்கு முன் என் வாழ்க்கையில் யாரும் என் முதுகில் அவ்வளவு நேரம் கை வைத்திருந்ததில்லை.

எல்லாவற்றையும் விட என்னை உலுக்கியது ஊசி விஷயம். ஒரு ஞாயிறு சின்னம்மா வீட்டில் நண்டுக் குழம்பும் புட்டும் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு வந்து, வயிறு ஊதிப்போய்ச் சோபாவில் சரிந்திருந்தேன். அன்ரி என் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், அங்கிளிடம் ஏதோ சொன்னார். அங்கிள் தையல் பெட்டியைக் கொண்டுவந்தார். அன்ரி என் தோளிலிருந்து கைவரை அழுத்தி அழுத்தி உருவிவிட்டார். பெருவிரலை நூலால் இறுக்கிச் சுற்றினார். ஊசி முனையை நெருப்பில் காட்டி, நான் "என்ன, என்ன" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே நகத்துக்குக் கீழே குத்திவிட்டார்.

நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. கறுப்பாக ஒரு சொட்டு இரத்தம் வந்தது. அதை இருவரும் குனிந்து பார்த்து, பார்த்தாயா எவ்வளவு கறுப்பு என்பதுபோல் தலையாட்டிக்கொண்டார்கள். பயத்தில் எனக்குப் பெரிய ஏப்பம் ஒன்று வந்தது. அன்ரி வெற்றிப் பெருமிதத்தோடு கைகொட்டினார். அவர்களுடைய ஊரில் சமிபாடு ஆகாவிட்டால் அப்படித்தான் செய்வார்களாம், மகன் பிறகு சொன்னான்.

இந்த ஊசியைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

அடுத்த பனிக்காலம். ஒரு ஞாயிறு காலை. சின்னம்மா வீட்டில் பூசை, வெள்ளனவே வரச் சொல்லியிருந்தார். தலை தோய்ந்துவிட்டு அரைகுறையாகத் துவட்டிக்கொண்டு ஓடி வந்தேன். சமையலறையில் அன்ரி கடற்பாசித் தாளில் சோறு சுருட்டிக்கொண்டிருந்தார். நான் சப்பாத்துக்குக் குனிந்து, வரப்போகும் அடிக்காக முதுகை இறுக்கி வைத்துக்கொண்டேன். காலடிச் சத்தம் வந்தது. கையும் விழுந்தது.

ஒரு ஈரத் துணி விழுந்த மாதிரி இருந்தது. எடையே இல்லை. விழுந்த கை முதுகில் நிற்காமல் வழுகிக்கொண்டு கீழே போனது.

நான் நிமிர்ந்து திரும்பினேன். அன்ரி வழமைபோல் என் தலையைக் காட்டித் திட்டுகிறார் என்றுதான் பட்டது. ஆனால் காட்டியது இடது கை. வலது கை பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மேசையைப் பார்த்தேன். சோற்றுச் சுருள்கள் எல்லாம் ஒரு பக்கம் பிரிந்து கிடந்தன.

அவரைக் கதிரையில் உட்கார வைத்தேன். அங்கிள் வந்தார். அன்ரி அவரிடம் ஏதோ சொன்னார், அவர் சிரித்தார். தன் வயிற்றைத் தொட்டுக் காட்டி, "நோ ப்ராப்ளம், ஓகே, ஓகே" என்று எனக்குச் சொல்லிவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் தையல் பெட்டி இருந்தது.

ஊரில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பள்ளிக்கூட மாஸ்டர் இருந்தார். ஒரு காலை கையில் பேனை பிடிக்க முடியவில்லை என்றார். பிரஷர், கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும் என்று தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். பின்னேரம் ஹொஸ்பிற்றலுக்குக் கொண்டுபோனபோது, பாரிசவாதம், ஒரு பக்கம் விழுந்துவிட்டது, காலையிலேயே கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார்களாம். மாஸ்டர் அதன் பிறகு எழும்பவில்லை.

"அங்கிள், நோ. ஹொஸ்பிற்றல். ஆம்புலன்ஸ்" என்றேன். அவர் தலையை ஆட்டி மறுத்துக்கொண்டே அன்ரியின் விரலில் நூலைச் சுற்றினார். நான் அன்ரிக்கு முன்னால் முழங்காலில் இருந்து, முதுகைத் திருப்பிக் காட்டி, அடியுங்கள் என்று கையால் சைகை செய்தேன். அவருக்கு விளங்கியது. அந்தக் கை மடியிலிருந்து எழும்பப் பார்த்தது, எழும்பவில்லை. அன்ரி தன் கையை யாருடையதோ என்பதுபோல் குனிந்து பார்த்தார். அங்கிளோ அதைக் கவனிக்காமல் ஊசியை நெருப்பில் காட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெரிந்த மொழியில் எல்லாம் கத்தினேன். "வேண்டாம் அங்கிள், இது சாப்பாடு இல்லை, இது வேறை" என்று தமிழில்கூடக் கத்தினேன். அவர் என்னை அமைதியாக இரு என்று கையமர்த்தினார். அந்த வீட்டில் எல்லோருக்கும் விளங்குகிற மொழி ஒன்றுதான் இருந்தது. நான் கையை ஓங்கி, அந்தப் பெரிய மனிசனின் முதுகில் பலம் கொண்ட மட்டும் ஓர் அடி போட்டேன்.

ஊசி தரையில் விழுந்து உருண்டது. அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. அதுவரை அவர் என்னைத் தொட்டதுகூட இல்லை. அப்பாவின் வயதுள்ள ஒருவரை அடித்துவிட்டேன். ஆனால் அவர் என்னிடமிருந்து பார்வையை எடுத்து, முதல் தடவையாக மனைவியின் கையைப் பார்த்தார். அதைத் தூக்கினார், விட்டார். அது பொத்தென்று விழுந்தது. அவர் முகம் வெளிறிப்போனது.

நான் ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினேன். எடுத்த பெண், "பேச்சு குழறுகிறதா?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாது. அவருடைய மொழி எனக்குத் தெரியாது."

"கையைத் தூக்க முடிகிறதா?"

"வலது கை முடியவில்லை. அந்தக் கையால்தான் என்னை அடிப்பார்."

"மன்னிக்க வேண்டும், அவர் உங்களை அடிப்பாரா?"

"ஓம், ஒவ்வொரு நாளும் அடிப்பார். இன்றைக்கு அடிக்க முடியவில்லை. தயவுசெய்து கெதியாக வாருங்கள்" என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

வந்தார்கள். கொண்டுபோனார்கள். பாரிசவாதம்தான். நேரத்துக்குக் கொண்டுவந்ததால் உயிருக்கும் பேச்சுக்கும் பழுதில்லை, கை வரக் காலம் எடுக்கும் என்று ஓடி வந்த மகனிடம் டொக்டர் சொன்னார். மகன் அதை அங்கிளுக்குச் சொன்னான். அங்கிள் எழுந்து, ஹொஸ்பிற்றல் நடைபாதையில், அத்தனை பேர் பார்க்க, என் முன்னால் இடுப்பை மடித்துக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நானும் குனிந்துகொண்டு நின்றேன்.

அன்ரி வீட்டுக்கு வந்தார். வந்த நாளே எனக்கு இன்னொரு அதிர்ச்சி காத்திருந்தது. கதிரையிலிருந்து கஷ்டப்பட்டு எழுந்து, என்னைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். தேநீர்க் கோப்பையைக் கொடுக்கும்போது வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு நீட்டினார். கை ஏலாமல் தாங்கினாரா, மரியாதைக்கு இரண்டு கையா என்று எனக்குத் தெரியவில்லை. சாப்பாட்டில் நல்ல மீன் துண்டு என் தட்டுக்கு வந்தது. வெறும் காலோடு நடந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. பிந்தி வந்தேன், சிரித்தபடி குனிந்தார். உயிரைக் காப்பாற்றியவள் என்று என்னை ஒரேயடியாகத் தபால்காரர் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

"ஏன் பிள்ளை முகம் வாடிப்போய்க் கிடக்குது? அவவுக்குச் சுகம்தானே?" என்றார் சின்னம்மா.

"சுகம்தான் சின்னம்மா. ஆனா என்னை இப்ப அடிக்கிறேல்லை."

"உனக்கென்ன விசரோ?" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் மனம் கேட்கவில்லை. இரவில் அம்மாவை நினைத்து அழாத நான் இதை நினைத்து அழுதேன்.

பிற்பாடு அவர்கள் மகனோடு கொரியாவுக்கே திரும்பிவிட்டார்கள். நான் செவன் கிங்ஸ் பக்கம் வந்துவிட்டேன். அன்ரியை நினைக்கும்போது அவர் முகத்துக்கு முன்னால் நினைவுக்கு வருவது, அவர்கள் புறப்படுவதற்குக் கொஞ்ச நாள் முந்திய ஒரு காலை.

அன்றைக்கு வேண்டுமென்றே தலை தோய்ந்தேன். துவாய்கூடச் சுற்றவில்லை. சட்டையெல்லாம் நனைய, தண்ணீர் சொட்டச் சொட்டப் படியிறங்கி வந்து, வரவேற்பறை வாசலில் குனிந்து, சப்பாத்தைப் போட்டு, போட்டதையே திரும்பக் கழற்றிப் போட்டுக்கொண்டு நின்றேன். வெளியே நல்ல பனி. அங்கிள் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அன்ரி ஜன்னலோரக் கதிரையில் இருந்தார். என் தலையிலிருந்து தரையில் தண்ணீர் விழும் சத்தம் எனக்கே கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். அன்ரி என் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வலது கை மடியிலிருந்து கொஞ்சம் எழுந்தது, திரும்ப விழுந்தது. இன்னொரு தடவை எழுந்தது, விழுந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி அசையாமல் நின்றேன்.

அன்ரி அங்கிளைப் பார்த்து ஏதோ ஒரு சொல் சொன்னார். பழைய குரல். அங்கிள் பேப்பரை மடித்து வைத்தார், மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்து வந்தார். எனக்குப் பின்னால் வந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு, முதுகில் கூச்சத்தோடு ஒரு தட்டுத் தட்டினார்.

அன்ரிக்கு அது பிடிக்கவில்லை. உச்சுக்கொட்டி, அதே சொல்லை இன்னும் உரக்கச் சொன்னார்.

இரண்டாவது அடி சுள்ளென்று விழுந்தது. நான் மேலே ஓடிப்போய்த் தலையைக் காயவைத்துக்கொண்டு வந்தேன்.